தோற்க மறந்த உப்புக்காரி

1. சரியான விடை

முதல் மேடையில் பிழை விடுகிற நடிகைகள் பெரும்பாலும் பாட்டை மறப்பார்கள், அல்லது சேலை தடக்கி விழுவார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்னேன். அதனால் மேடையில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணம் குழம்பப் பார்த்தது, ஒரு அரசர் தோளில் மூட்டை காவினார், எங்கள் நாடகக் குழு உடைகிற நிலைக்கு வந்தது.

அது நடந்து பதினான்கு வருடம். இப்போது இசை நாடகம் பழக வருகிற பெண்பிள்ளைகள் நிறையப் பேர். கம்பஸில் படிக்கிறவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒப்பனை எப்படி, தொண்டைக்கு என்ன குடிப்பது, எத்தனை கட்டையில் பாடலாம் என்று என்னிடம் கேட்பார்கள். ஒப்பனையைக் குறையுங்கள், தொண்டைக்குச் சுடுதண்ணீர் போதும், கட்டையை உங்கள் தொண்டையே சொல்லும் என்பேன். நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தை மட்டும் இதுவரை ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

2. ஆர்மோனியத்துக்குக் கீழே கிடந்தவர்

எங்கள் வீடு மருதனார்மடச் சந்தியிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம். அப்பா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபராக இருந்து இளைப்பாறியவர். அம்மா எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்மோனியம் வாசிப்பவர். நான் பாலர் பாடசாலை ரீச்சர், தேவாலயப் பாடகர் குழுவில் முதல் குரல். பெயர் கிறேஸ். முப்பத்தொரு வயது வரை எனக்கும் நாடகத்துக்கும் இருந்த தொடர்பு, நத்தார் விழாவில் தேவதூதர்களாக நிற்கும் பிள்ளைகளுக்குச் சிறகு கட்டிவிடுவதுதான்.

ஒரு சனிக்கிழமை தேவாலயத்து ஆர்மோனியத்தைத் திருத்த தவம் அண்ணை வந்தார். காலால் மிதித்து வாசிக்கிற பழைய பெட்டி அது. அவர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கீழே கிடந்தார். நான் மறுநாளைக்குரிய கீதத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். பாடி முடிய, கீழே இருந்து குரல் வந்தது.

"இன்னொருக்காப் பாடுங்கோ ரீச்சர். நான் பெட்டியைத் திருத்தி முடிச்சு அரை மணித்தியாலம். உங்களைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

அவர் ஆர்மோனியம் திருத்துவது பிழைப்புக்கு, ஓர் இசை நாடகக் குழுவை நடத்துவது தன் விருப்பத்துக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழுவில் பெண் வேடம் கட்டியவர் ஓர் ஆண். முந்தி எல்லாக் குழுக்களிலும் அப்படித்தான். அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய பாவாடையும் சட்டையும் பின்னலும் பெட்டியில் கிடந்தன, போட்டுக்கொள்ள ஆள் இல்லை. தவம் அண்ணை ஊரெல்லாம் பெண் குரல் தேடித் திரிந்து, கடைசியில் மிதிகட்டைக்குக் கீழே படுத்தபடி என்னைக் கண்டுபிடித்தார்.

வீட்டில் சண்டை வரும் என்று பயந்தேன். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாடுகிற பெண், திங்கள் மாலை கோயில் திருவிழாவில் பாடுவதா என்று அம்மா கேட்பார் என்று ஒரு பதிலும் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அம்மா கேட்டது எத்தனை கட்டை என்று மட்டும். ஐந்து என்றேன். ஐந்தரைதான் உனக்குச் சுகம், ஆனால் ஐந்தும் தாங்குவாய், போ என்றார். ஆயத்தம் செய்த பதில் வீணாகப் போனது.

அப்பாவுக்குக் கதை தெரிய வேண்டும். சொன்னேன். உப்பளத்தில் உப்பு விற்கிற ஒரு பெண். அரசன் வழிப்போக்கனாக மாறுவேடத்தில் வந்து அவளோடு பாட்டில் வாதாடுகிறான். மூன்று கேள்வி கேட்கிறான். இரண்டுக்கு விடை சொல்லி விடுகிறாள். மூன்றாவதுக்கு விடை தெரியாமல் தோற்று, அவனையே கட்டுகிறாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடை தெரியாத பிள்ளையா நடிக்கப் போறியோ? உனக்கு உது வருமோ?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் அப்பா கேள்வி கேட்பார். வேதாகமம், பூமிசாஸ்திரம், வாய்ப்பாடு, எது வேண்டுமானாலும் வரும். விடை சொன்னவருக்குத்தான் இடியப்பத் தட்டு நகரும். நானும் தம்பியும் பசியோடு பாய்ந்து பாய்ந்து விடை சொல்லி வளர்ந்தவர்கள். கேள்வி ஒன்று காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கும்.

3. தர்க்கம்

தவம் அண்ணை வீட்டுக் கொட்டிலில் ஒத்திகை நடந்தது. சுற்றிவர வாய் பிளந்த ஆர்மோனியப் பெட்டிகள். பழைய நடிகரின் சட்டை எனக்குத் தோளில் ஒரு சாண் பெரிது. நான் மேடைக்குள் வருகிற நடையைப் பார்த்துப் பொன்னுத்துரை அண்ணை, உப்புக்காரி உப்பு விற்க வாறாவா, வகுப்பிலை பேர் இடாப்புக் கூப்பிட வாறாவா என்று கேட்டார். அவர்தான் எங்கள் பபூன், நாடகத்தில் அரசனின் வேலையாள். அவர் வாயில் விழாத ஆள் குழுவில் இல்லை. நானும் சிரித்துச் சிரித்து நடையை மாற்றினேன். அந்த மூன்று மாதமும் பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டிலுக்கு ஓடிப்போகிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சின்ன வயதில் விளையாட ஓடியதுபோல ஓடினேன்.

ராஜபார்ட், அதாவது அரசன் வேடம், கனகலிங்கம் அண்ணை. சுன்னாகத்துக்காரர், அப்போது ஐம்பது வயது இருக்கும். விடியச் சந்தையில் லொறிக்கு வெங்காய மூட்டை ஏற்றுவது அவர் தொழில். குளித்து, விபூதி பூசி, வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒத்திகைக்கு வருவார். ஐந்து கட்டையில் அவர் குரலை எடுத்தால் கொட்டில் தகரம் அதிரும். என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார், தாளம் தப்பினால் கையால் காட்டுவார், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை.

அரசனும் உப்புக்காரியும் பாட்டிலே வாதாடுகிற பகுதிக்குத் தர்க்கம் என்று பெயர். சனம் நாடகத்துக்கு வருவதே அதற்காகத்தான். முதல் இரண்டு கேள்வியையும் விடையையும் பழகுவோம். மூன்றாவது கேள்வியை ஒத்திகையில் பாடவே மாட்டார்கள். ராஜபார்ட் அதைத் தானே கட்டி, மனத்தில் வைத்திருந்து, மேடையில்தான் அவிழ்ப்பார். உப்புக்காரியின் முகத்தில் வருகிற திகைப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த வழக்கம். எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: மூன்றாவது கேள்வி வந்ததும் பேசாமல் நின்று தலையைக் குனிய வேண்டும்.

பாட்டெல்லாம் பழகினேன். பேசாமல் நிற்பதை ஒருவரும் பழக்கவில்லை, நானும் பழகவில்லை. அதில் பழக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

4. கரவெட்டி

முதல் மேடை கரவெட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். பின்நேரப் பூசை முடிய நாடகம். முன்வரிசையில் இருந்த ஐயாமார் தொடையில் தாளம் போட்டபடி, இந்தப் புதுப் பெட்டை எங்கே சறுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் என் அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் இருக்கிற மாதிரியே நிமிர்ந்து இருந்தார்.

வரவுப் பாட்டு நன்றாக விழுந்தது. 'வன்ஸ்மோர்' கேட்டார்கள், திரும்பப் பாடினேன். பயம் போய்விட்டது. கனகலிங்கம் அண்ணை சரிகைச் சட்டைக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்தபடி வந்தார். அதுதான் மாறுவேடம். தர்க்கம் தொடங்கியது.

"கடலிலே பிறந்துபின் கடலுக்குள் போனால்
கரைகின்ற பொருளென்ன சொல்லடி பெண்ணே"

என்று அவர் கேட்க,

"மடியிலே காசோடு வாங்கவந் தீரே
மணிமணி உப்பதை மறந்தீரோ ஐயா"

என்று நான் சொல்ல, முன்வரிசை ஐயாமார் தலையை ஆட்டினார்கள். இரண்டாவது கேள்விக்கும் விடை சொன்னேன், கைதட்டல் இன்னும் கூடியது. அந்தக் கைதட்டலை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. தேவாலயத்தில் பாடினால் ஆமென் சொல்வார்கள், கை தட்ட மாட்டார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

மூன்றாவது கேள்வியை அண்ணை அவிழ்த்தார்.

"உப்பில்லாப் பண்டமோ குப்பையிலே என்பார்
உப்புக்கே ருசிதரும் பொருளென்ன பெண்ணே"

நான் தலை குனிய வேண்டும். அளவறிந்து அள்ளிப் போடும் கைதான் உப்புக்கு ருசி என்று அவரே விடை பாடி, என் கையைப் பிடிக்க வேண்டும். அந்த விடை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் பாடி முடித்த கையோடு தன் கையை நீட்டியும் விட்டார். ஆனால் கேள்வி என் காதில் விழுந்துவிட்டது. எங்கள் சாப்பாட்டு மேசைதான் கண்ணில் வந்தது.

"பட்டினி கிடந்தவன் பசியன்றி ஐயா
பாரிலே உப்புக்கு ருசியேது சொல்வீர்"

சனம் எழுந்து நின்றது. விசில் அடித்தார்கள். தவம் அண்ணையின் விரல்கள் ஆர்மோனியக் கட்டையில் அப்படியே நின்றன. கனகலிங்கம் அண்ணையின் கை நீட்டியபடி இருந்தது. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது, அந்த ஆரவாரத்தில் நான் அவரிடம் திருப்பி ஒரு கேள்வியும் கேட்டேன். பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் விடை தெரிந்த கேள்வி. அவருக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

அரசன் தோற்றுவிட்டான். இனி எப்படிக் கல்யாணம் நடக்கும்? பொன்னுத்துரை அண்ணைதான் நாடகத்தைக் காப்பாற்றினார். பக்கத்திலிருந்து துள்ளி வந்து, தோற்றவர் வென்றவர் வீட்டுக்கு மூட்டை காவ வேண்டும், அது உப்பளத்துச் சட்டம் என்று நின்ற நிலையில் ஒரு சட்டம் போட்டார். மேடையில் இருந்த உப்பு மூட்டை உண்மையில் வைக்கோல் அடைத்த சாக்கு. கனகலிங்கம் அண்ணை குனிந்து அதைத் தோளில் ஏற்றினார். முழங்காலை மடித்து, ஒரு உந்தில் தூக்கி, கழுத்தைச் சரித்து, பாரத்துக்கு மெல்ல ஆடி நடந்தார். வைக்கோல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக் காட்சியில், மூட்டை சுமக்கிற மருமகன் கிடைத்தானே என்று உப்புக்காரியின் தகப்பன் சந்தோஷப்பட்டுக் கல்யாணத்தைப் பேசி முடித்தார்.

திரை விழுந்ததும் அம்மா வந்து, சுருதி விலகவில்லை, ஆனால் கடைசி விடைக்கு அவசரப்பட்டுவிட்டாய் என்றார். கனகலிங்கம் அண்ணை ஒப்பனையைத் துடைக்காமலே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5. சந்தையில்

யாரோ போனில் எடுத்த அந்தக் காட்சி இரண்டு நாளில் லண்டன், டொரொன்டோ எல்லாம் சுற்றித் திரும்ப எங்கள் போனுக்கே வந்தது. எனக்குப் பாராட்டு மேல் பாராட்டு. பொம்பிளை ஒருத்தி ராஜபார்ட்டை மடக்கிவிட்டாள் என்று எழுதியிருந்தார்கள். நானும் அதை நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

கனகலிங்கம் அண்ணை ஒத்திகைக்கு வரவில்லை. அடுத்த நாடகம் சுன்னாகத்தில், சந்தைத் தொழிலாளரின் உபயம். சொந்தச் சனத்தை மறுக்க முடியாது என்பதால் அதற்கு மட்டும் வருவேன், அதோடு சரி என்று தவம் அண்ணையிடம் சொல்லியனுப்பினார். அவர் இல்லாவிட்டால் குழு இல்லை. தவம் அண்ணை என்னிடம் கோபிக்கவில்லை. போய்க் கதைத்துப் பாருங்கோ ரீச்சர் என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆண் என்ற ரோசம், ஒரு பெண்ணிடம் தோற்றது பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அண்ணையைப் பார்க்கச் சந்தைக்குப் போனேன். காலை எட்டு மணி. வெங்காயச் சருகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. அண்ணை இடுப்பில் சாரமும் தலையில் சாக்குத் துண்டுமாக லொறிக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டதும் ஏற்ற எடுத்த மூட்டையை நிலத்தில் வைத்தார்.

மன்னிக்கச் சொன்னேன். விடை தானாக வாயில் வந்துவிட்டது என்றேன்.

"நீங்கள் வெண்டதிலை எனக்குக் கோவம் இல்லை ரீச்சர்," என்றார். பிள்ளை போய் ரீச்சர் வந்துவிட்டது, நீர் போய் நீங்கள் வந்துவிட்டது. "விடை வடிவான விடை. நானும் ரசிச்சனான்."

பிறகு மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்ரை மகள் கனடாவிலை தன்ரை மாமி ஆக்களுக்கு, அப்பா ராசா வேசம் கட்டுறவர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறாள். அவை உதைப் பாத்திட்டு, அங்கையும் மூட்டைதானோ எண்டு கேட்டவையாம். நான் விடிஞ்சால் பொழுதுபடும் வரை மூட்டை காவுறன் ரீச்சர். வருசத்திலை பத்து நாள்தான் ராசா. அந்தப் பத்து நாளும் என்ரை தோளிலை ஒண்டும் இருக்கக் கூடாது எண்டுதான் நான் நாடகத்துக்கு வாறனான்."

லொறிக்காரர் கூப்பிட்டார். அண்ணை மூட்டையைத் தூக்கினார். முழங்காலை மடித்து, ஒரு உந்து, கழுத்தைச் சரித்து. கரவெட்டி மேடையில் பார்த்த அதே நடை. எல்லாரும் நடிப்பு என்று சிரித்தது இதைத்தான். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. பாராட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த என்னை நானே அறையலாம்போல இருந்தது.

6. தோற்கப் பழகியது

சுன்னாகத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் தோற்கப் பழகினேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தம்பி கேள்வி கேட்க, நான் வாயை மூடித் தலை குனிந்தேன். அம்மா ஆர்மோனியத்தில் இருந்தபடி பார்த்துவிட்டு, உன் வாய் மூடியிருக்கிறது, முகம் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறது என்றார். அப்பாவும் எழும்பி வந்து பார்த்தார். விடை தெரிந்தும் அடம்பிடித்துச் சொல்லாத பிள்ளை மாதிரித்தான் இருக்கிறது, இதற்கு நான் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்துவேன் என்றார். வீட்டில் ஒருவருக்கும் தோற்கத் தெரியாது என்பது அந்த இரண்டு வாரத்தில் நிரூபணமானது.

கஷ்டம் இன்னொன்றும் இருந்தது. சுன்னாகத்துச் சனம் அந்தக் காட்சியைப் போனில் பார்த்த சனம். அவர்கள் வருவதே ராசா மூட்டை காவுவதைப் பார்க்கத்தான். நான் வெறுமனே ஊமையாக நின்று தோற்றால் ஏதோ பேசி வைத்துச் செய்தது என்று கூச்சல் போடுவார்கள். வென்றால் அண்ணை தன் சந்தைக்கு முன்னால், தன்னோடு மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு முன்னால், இன்னொரு முறை சுமக்க வேண்டும். பிறகு அவர் மேடைப் பக்கமே வரமாட்டார்.

அன்று மாலை மேடைக்கு முன்னால் சந்தைக்காரர் எல்லாரும் தோளில் துவாயோடு வந்து பாயில் இருந்தார்கள். அண்ணை ஒப்பனை அறையில் என்னோடு கதைக்கவில்லை. அரச முடியைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

தர்க்கம் தொடங்கியதுமே பின்னால் இருந்து ஒருவர், மூட்டையை ஆயத்தப்படுத்துங்கோ என்று குரல் கொடுத்தார். முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி போனது. அண்ணை சால்வையைச் சரிசெய்து, ஒரு அடி முன்னால் வந்து, கமாஸ் ராகத்தில் மெதுவாக எடுத்தார்.

"வெயிலேறி விளையாத உப்புமொன் றுண்டாம்
விலைபேச முடியாத உப்பதைச் சொல்வாய்"

கேள்வி காதில் விழுந்தது, வாய் திறந்தது. தடுக்க முடியவில்லை.

"சுமையேறும் தோளிலே..."

அந்த இடத்தில் பாயில் இருந்தவர்களைக் கண்டேன். துவாய் போட்ட அத்தனை தோள்கள். பிறகு அண்ணையின் முகத்தைக் கண்டேன். அவர் இந்தக் கேள்வியை எங்கே நின்று கட்டியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. லொறிக்கும் தராசுக்கும் இடையில் கட்டியிருக்கிறார். அது அவருடைய விடை. தன் சனத்துக்கு முன்னால், அரச உடுப்போடு, தானே பாட வேண்டும் என்று வைத்திருந்த விடை. அதில் பாதியை நான் வாயில் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பாட்டை அந்த இடத்திலேயே விட்டேன். அவரைப் பார்த்தேன், தலையைக் குனிந்தேன். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு வாரம் வராதது அப்போது தானாக வந்தது. தெரிந்ததை விழுங்கினேன் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியிருக்க வேண்டும். தவம் அண்ணை சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். கனகலிங்கம் அண்ணை நான் விட்ட சொல்லை எடுத்தார்.

"சுமையேறும் தோளிலே சுரக்கின்ற வேர்வை
அமைதியாய் ஊருக்கு ருசியூட்டும் உப்பு"

ஐந்து கட்டையில் அதை அவர் மூன்று தடவை பாடினார். இரண்டாவது தடவையிலேயே சந்தைக்காரர் எழுந்துவிட்டார்கள். துவாயை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றினார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கூட்டத்திலும் பிறகு காணவில்லை.

நாடகம் அந்த இடத்தில் ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் பொன்னுத்துரை அண்ணையின் சட்டம் ஊருக்கே தெரியும். தோற்றவர் மூட்டை காவ வேண்டும் என்று சனம் கேட்டது. தோற்றவள் நான். சரி, வைக்கோல்தானே என்று குனிந்து தூக்கினேன். சாக்கு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தேன், என் பின்னல் கழன்றதுதான் மிச்சம். வெங்காய மணம் மூக்கில் அடித்தது. சந்தைக்காரர் பகிடிக்காக வைக்கோலைக் கொட்டிவிட்டு அசல் வெங்காயம் அடைத்து வைத்திருந்தார்கள். கனகலிங்கம் அண்ணை சுமப்பார் என்று நினைத்து அவருக்காகச் செய்த பகிடி.

வென்ற அரசன் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தால் போதும். கனகலிங்கம் அண்ணை சால்வையைக் கழற்றி எறிந்தார். சரிகைச் சட்டையும் முடியும் வெளிச்சத்தில் மின்னின. என் பக்கத்தில் வந்து குனிந்து, மைக்குக்குக் கேட்காமல் சொன்னார்.

"பிள்ளை, நீர் உந்தப் பக்கம் பிடியும். முழங்காலை மடிச்சுத் தூக்கும், முதுகாலை தூக்கக் கூடாது."

தூக்கினோம். பாரம் முக்கால்வாசி அவர் பக்கம். அதே பாட்டைப் பாடிக்கொண்டு, தாளத்துக்கு அடியெடுத்து வைத்து, அரசனும் உப்புக்காரியுமாக மேடையை ஒரு சுற்றுச் சுற்றி அவள் வீட்டுக்குப் போனோம். எனக்குச் சிரிப்பில் பாட்டு வரவில்லை. அவருக்கு வந்தது. அவர் தோளில் பாரம் இருந்தது, ஆனால் அந்த ஊரில் அன்றைக்கு அவரைவிடப் பெரிய ராசா இல்லை.

திரைக்குப் பின்னால் வந்து மூட்டையை இறக்கியதும் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு தவம் அண்ணையைப் பார்த்தார்.

"அடுத்த நாடகம் எங்கை?"

தவம் அண்ணை ஆர்மோனியத்தின் மேல் தலையை வைத்து அழுதார். பொன்னுத்துரை அண்ணை மட்டும், முதலில் இந்த வெங்காயத்தைப் பங்கு பிரியுங்கோ, பிறகு அழலாம் என்றார்.

7. பிறகு

அதன் பிறகு அந்த நாடகத்தை எத்தனையோ ஊரில் போட்டோம். கடல் கடந்தும் இரண்டு முறை போனோம். டொரொன்டோவில் அண்ணையின் மகளும் அவள் மாமியும் முன்வரிசையில் இருந்தார்கள். மூட்டைக் காட்சியில் அந்த மாமிதான் முதலில் கை தட்டினார். நாடகம் இப்போது எல்லா ஊரிலும் இருவர் சேர்ந்து தூக்குகிற மூட்டையோடுதான் முடிகிறது. சாக்குக்குள் வைக்கோல் போட அண்ணை விடுவதில்லை.

பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். மேடையில் வெல்வதற்கு விடை தெரிந்தால் போதும். தோற்பதற்கு எதிரே நிற்கிறவரைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் காலையில் என்ன வேலை செய்துவிட்டு வருகிறார், எதற்காக மேடைக்கு வருகிறார் என்று ஒரு நாளாவது போய்ப் பாருங்கள். சுருதியும் தாளமும் அதற்குப் பிறகு பழகலாம்.

கனகலிங்கம் அண்ணை இன்னும் ஒவ்வொரு மேடைக்கும் மூன்றாவது கேள்வியைப் புதிதாகக் கட்டுகிறார், இன்னும் எனக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் விடையில் பாதியைப் பாடி நிறுத்துவேன், மீதியை அவர் பாடுவார். நான் தெரிந்துகொண்டே விட்டுக்கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மை என்னவென்றால், சில நாள் எனக்கு விடை தெரியவே தெரியாது. அன்றைக்கு வாயில் வந்த இரண்டு சொல்லைப் பாடிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அண்ணை அதையும் எடுத்து, ஒரு விடையாக்கிப் பாடி முடித்துவிடுகிறார்.